மதம், கட்சி, வேட்பாளர்: பினாங்குத் தமிழ் வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் 13 நாடாளுமன்றத் தொகுதிகளும் 40 சட்டமன்றத் தொகுதிகளும் உள்ளன. 15ஆவது பொதுத் தேர்தல் 2022 நவம்பர் 19 அன்றும், மாநிலத் தேர்தல் 2023 ஆகஸ்ட் 12 அன்றும் நடந்தன. அவற்றை ஒட்டி எழுந்த கேள்விகளே இங்கே அதிகம். கோலாலம்பூரில் நிலைமை மாறுபடும் இடங்களைத் தனியே குறித்திருக்கிறோம்.

மக்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள்? மதத்தையா, கட்சியையா, ஆளையா?

பெரும்பாலும் நீங்கள் கேட்ட அதே வரிசையில்தான். எந்தக் கட்சிகள் நமக்குத் தோதானவை, எவை நமக்கு ஆகாதவை என்பதை மதமும் இனமும் சேர்ந்து முதலிலேயே வடிகட்டிவிடுகின்றன. மிஞ்சுகிற ஒன்றிரண்டு கட்சிகளுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பழக்கமும் கோபமும் முடிவு செய்கின்றன. வேட்பாளர் கடைசியில் வருகிறார். அதற்குள் அந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கு, அதில் யார் நிற்பது என்பதைக் கூட்டணித் தலைமை பேசி முடித்திருக்கும்.

பெர்மாத்தாங் பாவ் இதற்கு நல்ல சான்று. 1982 முதல் அன்வார் இப்ராஹிம், வான் அசிஸா, நுருல் இசா என்று ஒரே குடும்பத்தின் கையில் இருந்த தொகுதி அது. 2022இல் அங்கே நின்ற நுருல் இசாவை நாடு முழுக்கத் தெரியும். அவரை வென்ற, இஸ்லாமியக் கட்சியான பாஸின் வேட்பாளர் முகமட் ஃபவ்வாஸ் தேசிய அளவில் பெயர் கேள்விப்படாதவர். வித்தியாசம் ஐயாயிரத்துக்கும் மேல். சேவையில் குறை என்று யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. கட்சி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) பக்கம் இதே கதை தலைகீழாக நடக்கிறது. 2023இல் ஜசெக போட்டியிட்ட 19 சட்டமன்றத் தொகுதிகளிலும் வென்றது. அந்த 19 பேரின் பெயரையும் அவரவர் தொகுதிக்கு வெளியே சொல்லக்கூடியவர்கள் கட்சிக்காரர்கள் மட்டுமே.

வாக்காளர் பட்டியலில் என் மதம் பதிவாகியிருக்கிறதா?

இல்லை. பெயர், அடையாள அட்டை எண், வாக்களிக்கும் வட்டாரம் போன்றவைதான் இருக்கும்.

அப்படியானால் "இந்துக்களில் இத்தனை விழுக்காட்டினர் எங்களுக்குப் போட்டார்கள்" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஊகித்துத்தான் சொல்கிறார்கள். ஊகத்தின் அடிப்படை தெரிந்தால் எதை நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

தேர்தல் ஆணையம், அதாவது எஸ்.பி.ஆர்., ஒவ்வொரு வாக்களிப்பு மையத்தையும் சாலுரான்களாக, அதாவது வாக்களிப்பு வரிசைகளாக, பிரிக்கிறது. பிரிப்பது வயதை வைத்து. மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசிச் சாலுரானில். எண்ணிக்கையும் சாலுரான் வாரியாகவே நடக்கிறது. முடிவை 14ஆம் பாரத்தில் எழுதி, வேட்பாளர்களின் முகவர்களுக்குப் படி கொடுக்கிறார்கள். ஆகவே வயது வாரியான கணக்கு ஓரளவு நம்பகமானது. கடைசிச் சாலுரானில் ஒரு கட்சி முந்தினால் இளையோர் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனமும் மதமும் வேறு விதம். கட்சிகளின் ஆட்கள் பெயரைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. தமிழ் முஸ்லிம் ஒருவர் பெயரால் மலாய்க்காரர் கணக்கில் விழுந்துவிடுவார். இந்துப் பெயரை வைத்துக்கொண்டே தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. கெப்பாளா பத்தாஸ் பக்கத்துக் கிராமம் போல முழுக்க ஒரே சமூகத்தார் வாழும் இடத்தில் கணக்கு நன்றாகவே வரும். ஜெலுத்தோங் அடுக்குமாடிகள் போலக் கலந்து வாழும் இடத்தில் வராது. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. முழுக்க இந்தியர்களே வரும் சாலுரானும் அரிது. அதனால் மூன்று பெரிய சமூகங்களில் இந்தியர் வாக்கைப் பற்றிய மதிப்பீடுதான் ஆக மெலிந்தது. மேடையில் யாராவது புள்ளி வைத்து விழுக்காடு சொன்னால், எந்த வட்டாரம், எந்தச் சாலுரான் என்று கேளுங்கள். பதில் வராது.

"பச்சை அலை" மதத்தால் வந்ததுதானே?

மலாய்த் தொகுதிகளில் பாஸ் தரப்பு கண்ட எழுச்சியைத்தான் பச்சை அலை என்கிறார்கள். அது மதத்தால் வந்தது என்பது பாதி உண்மை. 2022இல் பாஸும் பெர்சத்துவும் சேர்ந்த பெரிக்காத்தான் கூட்டணி கெப்பாளா பத்தாஸ், தாசேக் குளுகோர், பெர்மாத்தாங் பாவ் ஆகிய மூன்று தொகுதிகளைப் பிடித்தது. மறு ஆண்டு மாநிலத்தில் 40இல் 11. அதில் பாஸ் 7, பெர்சத்து 4.

ஆனால் கெப்பாளா பத்தாஸ் மக்கள் 2022இல் திடீரென்று பக்தியுள்ளவர்கள் ஆகிவிடவில்லை. 2018இலும் அதே பள்ளிவாசல், அதே தொழுகை. அன்று அங்கே வென்றது மலாய்க்காரர் கட்சியான அம்னோ. அது முன்னாள் பிரதமர் அப்துல்லா படாவியின் தொகுதி. அவரும் சமய அறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். மாறியது பக்தியில்லை, அந்தப் பக்தியைப் பாதுகாக்கத் தகுந்த கட்சி எது என்ற கணிப்பு. அம்னோ தலைவர்களின் நீதிமன்ற வழக்குகள், 2020இல் கூட்டணிகள் உடைந்து ஒட்டிய விதம், கைப்பேசியில் ஓடிய குறுங்காணொளிகள், எல்லாம் சேர்ந்து அந்தக் கணிப்பை மாற்றின. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதினருக்கு வாக்குரிமையும் தானாகப் பதிவாகும் முறையும் வந்தன. வாக்காளர் பட்டியல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாகப் பெருகியது. எந்தக் கட்சிக்கும் பழக்கப்படாத புதிய வாக்காளர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் மத அடையாளம் வேகமாக எடுபடும்.

கட்சியே மதமாகிவிடும் நிலையும் இந்த நாட்டில் நடந்ததுண்டு. 1981இல் திரெங்கானுவில் பாஸ் கட்சியின் ஹாடி அவாங் ஆற்றிய உரை "அமானாட் ஹாடி" என்று பெயர் பெற்றது. அம்னோவை எதிர்ப்பது சமயக் கடமை என்ற பொருளில் அது பரவியது. அதற்குப் பிறகு சில கிராமங்களில் அம்னோக்காரர் இமாமாக நின்றால் பாஸ்காரர் பின்னால் தொழமாட்டார். ஒரே பள்ளிவாசலில் இரண்டு இமாம்கள் என்ற நிலையும் வந்தது. இரு தரப்பும் ஒரே மதம், ஒரே இனம். கட்சி விசுவாசம் மதத்தைவிடப் பலமானதா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

முஸ்லிம் அல்லாதவர்கள் பாஸுக்குப் பயந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பது சரியா?

பயந்தும் போட்டிருக்கிறார்கள், பயப்படாமல் பாஸுக்கே போட்டும் இருக்கிறார்கள்.

1999இல் ஜசெக, பாஸ், கெஅடிலான் (இன்றைய பிகேஆர்) ஒன்றாக நின்றன. இஸ்லாமிய நாடு பற்றிய அச்சத்தை, அம்னோ தலைமையிலான ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி நன்றாகவே பயன்படுத்தியது. பினாங்கில் ஜசெகவின் கர்ப்பால் சிங் ஜெலுத்தோங்கில் தோற்றார். அது 1978 முதல் அவர் வைத்திருந்த தொகுதி. அதே கட்சியின் லிம் கிட் சியாங் புக்கிட் பெண்டேராவில் தோற்றார். இரண்டு ஆண்டுகளில் ஜசெக அந்தக் கூட்டணியைவிட்டு வெளியேறியது. 2008இல் அதே கட்சிகள்தான். ஆனால் அப்போது முஸ்லிம் அல்லாதவர்கள் நாடு முழுக்கப் பாஸ் வேட்பாளர்களுக்கும் போட்டார்கள். தேசிய முன்னணி மீதிருந்த கோபம் பயத்தை மிஞ்சிவிட்டது. 2013இல் பதிவுச் சிக்கலால் தன் ராக்கெட் சின்னம் போய்விடுமோ என்ற நிலை வந்தபோது, தீபகற்பத்தில் பாஸின் நிலாச் சின்னத்தில் நிற்க ஜசெக தயாரானது. கடைசியில் அதற்குத் தேவை வரவில்லை. இன்று அதைச் சொன்னால் இரு கட்சியின் இளைஞர்களும் நம்ப மறுக்கிறார்கள்!

2015இல் பாஸ் பிளந்து அமானா என்ற புதிய கட்சி உருவானது. ஹூடுட் எனும் இஸ்லாமியக் குற்றத் தண்டனைச் சட்டம் பற்றிய விவாதம் மறுபடி சூடேறியது. பழைய பயமும் திரும்பி வந்தது.

இந்து வாக்காளர்களுக்கு மதம் எந்த வழியில் முக்கியமாகிறது?

கோயில் நிலம், சுடுகாடு, பிள்ளைகளின் மதமாற்றம் ஆகிய மூன்று வழிகளில். சாஸ்திரமோ சித்தாந்தமோ மலேசிய இந்துக்களின் ஓட்டை அசைத்ததாகத் தெரியவில்லை.

2007 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணி. அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில் 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த சாமிவேலு தோற்றார். அவரது கட்சியான மலேசிய இந்தியர் காங்கிரஸின் (மஇகா) நாடாளுமன்ற இடங்கள் 9இலிருந்து 3 ஆயின. பினாங்கில் முதலமைச்சராக இருந்த கோ சூ கூனைப் பத்து கவானில் வென்றவர் ஜசெகவின் பி. இராமசாமி. 1946இல் தொடங்கிய மஇகாவோடு அப்பா, தாத்தா காலத்திலிருந்து ஒட்டியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் கட்சி மாறின என்று சொல்வார்கள். அந்தக் கோபம் பல ஆண்டுகள் சேர்ந்தது. கோயில் அதற்குத் தீ வைத்தது.

மாறிய விசுவாசம் புதிய கட்சியில் வேர்விட்டுவிட்டது என்பதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். 2023இல் இராமசாமிக்குப் பிறை தொகுதி மறுக்கப்பட்டது. 15 ஆண்டுகள் துணை முதல்வராக இருந்தவர், வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு கட்சியைவிட்டு விலகினார். பிறையில் ஜசெக நிறுத்திய சுந்தரராஜூ வென்றார். ஆள்மேல் பற்றிருந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்குச் சின்னத்தின் மேல் அதைவிடப் பற்று. அந்தத் தேர்தலில் மஇகா ஓர் இடத்தில்கூடப் போட்டியிடவில்லை. அதுவும் ஒரு காரணம்: போக வேறு இடமில்லாத வாக்காளரின் விசுவாசத்தை எடை போடுவது கடினம்.

மதமாற்ற விவகாரத்தில் இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கு ஓர் எல்லைக்கல். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பிள்ளை தாயிடம் வந்து சேராதது, கட்சி பேதமில்லாமல் எல்லா இந்திய வேட்பாளரையும் துரத்தும் கேள்வி.

தமிழ் முஸ்லிம்கள், தமிழ்க் கிறிஸ்தவர்கள்?

இருவரையும் "இந்தியர் வாக்கு" என்ற ஒரே மூட்டையில் கட்டுவது தவறு. பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் பலர் நீண்ட காலம் அம்னோவோடு நெருக்கமாக இருந்தவர்கள். இந்திய முஸ்லிம்களின் கிம்மா கட்சி 2010இல் அம்னோவின் இணை உறுப்பினரானது. அரசியலமைப்பின் 160ஆம் விதி மலாய்க்காரரை இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் பேசி, மலாய்ப் பண்பாட்டில் வாழ்பவர் என்று வரையறுப்பதால், அவர்களுக்குக் கட்சித் தேர்வு அடையாளத் தேர்வாகவும் ஆகிவிடுகிறது. கிறிஸ்தவர்களிடம் "அல்லாஹ்" என்ற சொல்லைப் பயன்படுத்துவது பற்றிய வழக்குகள் ஒரு தலைமுறையின் ஓட்டைத் தொட்டன. மற்றபடி அவர்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்தோடுதான் நகர்கிறார்கள்.

எங்கள் கோயில் நிலப் பிரச்சினை தீரவில்லை. யாருக்கு எதிராக ஓட்டுப் போடுவது?

கேள்வி கசப்பானது, ஆனால் மிகச் சரியானது. தவறான ஆளைத் தண்டிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

நிலம் மாநில அதிகாரம். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரிக்கிறது. ஆகவே கோயில் நிலத்துக்குப் பட்டா, மாற்று நிலம், குத்தகை எல்லாம் மாநில அரசின் நில அலுவலகத்தில். அதற்குச் சட்டமன்ற உறுப்பினரையும் மாநில ஆட்சிக்குழுவையும் கேளுங்கள். பினாங்கில் முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கு மாநில அரசின் ரிபி நிதி உண்டு. அதுவும் மாநிலத்தின் கையில்தான். மண்டபம் கட்ட, கோபுரம் உயர்த்த அனுமதியை மாநகர் மன்றங்கள், அதாவது தீவில் எம்.பி.பி.பி., பெருநிலத்தில் எம்.பி.எஸ்.பி., தரவேண்டும். இந்த மன்றங்களின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். 1960களில் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவே இல்லை. பினாங்கு அரசு அதற்காக வழக்காடி 2014இல் தோற்றது. எந்தக் கட்சி அந்த உறுப்பினரை நியமித்ததோ அந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினரிடம் போவதுதான் வழி.

இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் மதமாற்றப் பதிவும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. ஆனால் பினாங்கிலும் கூட்டரசு பிரதேசத்திலும் இஸ்லாத்தின் தலைவர் மாமன்னர்தான், முதலமைச்சர் அல்ல. "முதல்வர் ஏன் தலையிடவில்லை" என்ற குற்றச்சாட்டில் பாதி இதை அறியாததால் வருவது. குடியுரிமை, அடையாள அட்டை, காவல்துறை, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நியமனம் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. அவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்.

கோலாலம்பூரில் சட்டமன்றமே கிடையாது. 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள், நியமிக்கப்பட்ட டத்தோ பண்டார் (மாநகர் தலைவர்), கூட்டரசு பிரதேச நில அலுவலகம், அவ்வளவுதான். 2025இல் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலின் நிலம் தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமாகி, அங்கே பள்ளிவாசல் கட்டும் திட்டம் வந்து கோயில் இடம் மாற வேண்டிய நிலை எழுந்தபோது, பேச்சு மாநகர் மன்றத்துக்கும் பிரதமருக்கும் போனதற்குக் காரணம் இதுதான். இடையில் கேள்வி கேட்க ஒரு சட்டமன்றம் இல்லை.

வேட்பாளர் கோயிலுக்குப் பணம் கொடுத்தால் வாங்கலாமா?

தேர்தல் அறிவித்த பிறகு வாங்காமலிருப்பதே நல்லது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டத்தின் 10ஆம் பிரிவு கொடுப்பவரை மட்டுமல்ல, ஓட்டுக்காக வாங்குபவரையும் பிடிக்கும். 8ஆம் பிரிவு விருந்தளிப்பைப் பற்றியது. வேட்பாளர் பெயர்ப் பதாகையோடு நடக்கும் அன்னதானம் அதற்கு அருகில் வரும். கோயில் நிர்வாகம் வழக்கமாகச் செய்யும் அன்னதானத்துக்கு ஒன்றும் ஆகாது. மைக்கில் வேட்பாளர் பெயரைப் புகழ்ந்து "மறக்காதீர்கள்" என்று சொல்லும்போதுதான் சிக்கல்.

இது ஏட்டுச் சட்டமில்லை. 2018இல் கேமரன் மலையில் மஇகாவின் சிவராஜ் பெற்ற வெற்றி, பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் தரப்பட்டதால் ரத்தானது. 2022இல் கெமாமான் தொகுதியில் பாஸ் பெற்ற வெற்றி, வாக்களிப்புக்கு முன் வழங்கப்பட்ட உதவித்தொகை காரணமாக 2023இல் கூட்டரசு நீதிமன்றத்தில் ரத்தானது. அந்தத் தொகை மாநில அரசின் நலத்திட்டம் வழியாகப் போனதுதான். "அரசாங்கப் பணம், கட்சிப் பணமில்லை" என்ற வாதம் எப்போதும் காப்பாற்றாது.

புகார் செய்ய வேண்டுமானால் நாள், நேரம், இடம், கொடுத்தவர் பெயர், தொகை, படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் எழுதுங்கள். ஊழல் தடுப்பு ஆணையத்தின் இலவச எண் 1-800-88-6000. வெற்றியையே எதிர்த்து வழக்குப் போட முடிவு அரசாங்கப் பதிவேட்டில் வெளியான நாளிலிருந்து 21 நாள் மட்டுமே. தொகுதி வாக்காளரும் போடலாம். புகார்களில் பெரும்பாலானவை ஆதாரம் இல்லாமலும், அந்த 21 நாள் கடந்தும் வந்து வீணாகின்றன.

"இந்தக் கட்சிக்குப் போட்டால் பாவம்" என்று சமயத் தலைவர் சொல்லலாமா?

தன் கருத்தாகச் சொல்வதற்கும் மிரட்டுவதற்கும் இடையே சட்டம் கோடு போட்டிருக்கிறது. அதே தேர்தல் குற்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஓட்டுக்காக உடல், பொருள் தீங்கு மட்டுமின்றி ஆன்மிகத் தீங்கு வரும் என்று மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்குவதும் "போடாவிட்டால் குலதெய்வம் கேட்கும்" என்பதும் இந்தப் பிரிவை நெருங்கும் செயல்கள். 4ஏ பிரிவு இனங்களுக்கிடையே பகைமை மூட்டும் பேச்சைத் தடுக்கிறது. கற்பூரத்தில் அடித்து வாங்கிய சத்தியத்துக்கு வாக்குச் சாவடியில் எந்த மதிப்பும் கிடையாது. உள்ளே நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

கட்சி விசுவாசத்தை நம்பி ஓட்டுப் போட்டோம், ஜெயித்தவர் கட்சி மாறினால்?

2022 அக்டோபர் 5 முதல் அரசியலமைப்பின் 49ஏ விதி நடப்பில் உள்ளது. நாடாளுமன்ற உறுப்பினர் தானாகக் கட்சியைவிட்டு விலகினால் இடம் காலி. சுயேச்சையாக வென்று பிறகு கட்சியில் சேர்ந்தாலும் காலி. ஆனால் கட்சி அவரை நீக்கினால் இடம் போகாது. முழுக் கட்சியும் கூட்டணி மாறினாலும் போகாது. 2024இல் பெர்சத்துவின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரதமருக்கு ஆதரவளித்தும், இடம் காலியாகவில்லை என்று மக்களவைத் தலைவர் முடிவு செய்தார். அதாவது தாவும் ஆளைச் சட்டம் பிடிக்கும், தாவும் கட்சியைப் பிடிக்காது. 2020இல் நடந்தது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆகவே வேட்பாளரிடம் "மாறுவீர்களா" என்று கேட்பதைவிட, "உங்கள் கட்சி யாரோடு ஒருபோதும் சேராது" என்று கேட்பது பயன் தரும்.

பாஸ் வேட்பாளர்கள் கட்சிக்கு விசுவாசமாக "பையாஹ்" என்ற சமய உறுதிமொழி எடுக்கும் வழக்கம் உண்டு. மற்றக் கட்சிகளில் அதற்கு ஈடானது, தேதி போடாத விலகல் கடிதம் வாங்கி வைப்பது. அது நீதிமன்றத்தில் நிற்பது வேறு கதை.

ஆளைப் பார்க்காமல் சின்னத்தை மட்டும் பார்த்துப் போடுவது அறியாமையா?

இல்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் பெரும்பாலும் கட்சி சொல்கிறபடிதான் வாக்களிப்பார். அந்த வகையில் சின்னத்துக்குப் போடுவது கணக்கான முடிவே. கோலாலம்பூர் பத்து தொகுதியில் 2018இல் பிகேஆர் வேட்பாளர் தியான் சுவாவின் மனு, அவருக்கு விதிக்கப்பட்டிருந்த அபராதத்தால் நிராகரிக்கப்பட்டது. கட்சி, களத்தில் இருந்த 22 வயது சுயேச்சை பிரபாகரனை ஆதரிக்கச் சொன்னது. பழக்கப்பட்ட சின்னம் வாக்குச்சீட்டில் இல்லை, இருந்தும் இரண்டு வாரத்துக்குள் வாக்காளர்கள் புதிய சின்னத்தைக் கண்டுபிடித்து அவரை இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெரும்பான்மையில் வெல்ல வைத்தார்கள். 2022இல் அதே தியான் சுவா சுயேச்சையாக நின்று, இப்போது கட்சிச் சின்னத்தில் நின்ற பிரபாகரனிடம் தோற்றார். இரண்டு தடவையும் வாக்காளர் தொடர்ந்தது கட்சியைத்தான்.

கூட்டணி மாறினால் விசுவாசமும் கூடவே போகுமா?

ஒரு பக்கம் போகும், மறுபக்கம் தயங்கும். 2023இல் ஜசெக, பிகேஆர், அமானா சேர்ந்த நம்பிக்கைக் கூட்டணியும் அம்னோ இருக்கும் தேசிய முன்னணியும் கைகோத்தன. நம்பிக்கைக் கூட்டணியின் சீன, இந்திய ஆதரவாளர்கள் அம்னோவுக்கும் போட்டார்கள். அம்னோவின் மலாய் ஆதரவாளர்களில் பெரும் பகுதியினர் எதிர்த்திசையில் வரவில்லை, பெரிக்காத்தானுக்குப் போனார்கள். பினாங்கில் ஆறு இடங்களில் நின்ற அம்னோ இரண்டில் மட்டுமே வென்றது.

விசுவாசம் தேயும்போது எதிர்க்கட்சிக்குப் போவதைவிட, வீட்டிலேயே தங்கிவிடுவதுதான் வழக்கம். சுங்கை பக்காப்பைப் பாருங்கள். 2023இல் பெரிக்காத்தான் 15,433, நம்பிக்கைக் கூட்டணி 13,870; வித்தியாசம் 1,563. 2024 ஜூலை 6 இடைத்தேர்தலில் பெரிக்காத்தான் 14,489, நம்பிக்கைக் கூட்டணி 10,222, வித்தியாசம் 4,267. "அலை இன்னும் பெருகியது" என்று செய்திகள் சொன்னன. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வென்றவர்களுக்கும் 944 ஓட்டுக் குறைந்திருக்கிறது. தோற்றவர்களுக்கு 3,648 குறைந்திருக்கிறது. பெரும்பான்மையை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். இரு தரப்பின் மொத்த ஓட்டையும் முந்தைய தேர்தலோடு வைத்துப் பாருங்கள்.

அப்பா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. தெரிந்துவிடுமா?

தெரியாது. வயது வித்தியாசத்தால் நீங்கள் இருவரும் வேறு வேறு சாலுரானில் இருக்கவே வாய்ப்பு அதிகம். கட்சிகளுக்குக் கிடைப்பது சாலுரானின் மொத்தம் மட்டுமே. கைப்பேசியை மறைப்புக்குள் கொண்டுபோய்ப் படம் எடுக்காதீர்கள், அது குற்றம். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளையார் சுழி போட்டுவிட்டுப் பெருக்கல் குறி போடும் பழக்கத்தை வாக்குச்சீட்டில் விட்டுவிடுங்கள். அடையாளக் குறி என்று கருதி சீட்டைத் தள்ளிவிடலாம். ஒரே கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி, வேறெதுவும் வேண்டாம்.

வேட்பாளரையே எடை போட விரும்பினால் என்ன செய்வது?

ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் நாடாளுமன்ற, சட்டமன்ற உரைப்பதிவுகளில் அவர் பெயரைத் தேடுங்கள். நாடாளுமன்றத்தின் ஹன்சார்ட் இணையத்தில் இலவசம். கோயில் நிலம் பற்றி மேடையில் முழங்கியவர் அவையில் ஒரு கேள்வியாவது எழுப்பினாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். புதியவர் என்றால் செராமா எனும் அரசியல் கூட்டத்தில் மூன்று கேள்விகள் போதும். இந்தப் பிரச்சினை எந்த அலுவலகத்தின் அதிகாரம்? கட்சி நிலைப்பாடு உங்கள் கருத்துக்கு எதிராக இருந்தால் என்ன செய்வீர்கள்? தோற்றால் சேவை மையம் இருக்குமா? முதல் கேள்விக்குத் தடுமாறுபவர், வென்ற பிறகும் உங்களைத் தவறான கதவுக்குத்தான் அனுப்புவார். மதத்தைப் பற்றி மட்டும் சரளமாகப் பேசி மற்றவற்றில் மழுப்புபவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை, அவர் எந்த மதமாக இருந்தாலும்.

வீடு மாறிவிட்டேன். எங்கே ஓட்டு?

அடையாள அட்டையில் முகவரி மாற்றியதும் ஓட்டும் தானாக மாறிவிடும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. தேசியப் பதிவிலாகாவில் முகவரி மாற்றிய பிறகு, எஸ்.பி.ஆர். இடம் தனியாக வாக்களிப்பு வட்டார மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டியல் சரிபார்க்கப்பட்டு அரசாங்கப் பதிவேட்டில் வந்த பிறகே அது செல்லும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பழைய தொகுதியில்தான் போட முடியும். எஸ்.பி.ஆரின் மைஎஸ்பிஆர் செமாக் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணை இட்டுப் பாருங்கள். தொகுதியும் வட்டாரமும் உடனே வரும். மையமும் சாலுரானும் தேர்தல் நெருங்கும்போது வரும்.